ஒட்டுப்பால் மூட்டை

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அப்பாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் காணாமல்போன, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் மூட்டை எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், விறகுக் குவியலுக்குள் கிடந்தது. விறகு லயத்திலுள்ள எல்லோருக்கும் பொது. ஆனால் அதை ஒட்டிய காம்பரா அறை எங்களுடையது.

மூட்டை களவுபோன அன்று முழுதும் சந்தியில் கடை வைத்திருக்கும் சிங்கள நோனாவின் கூரையை மாற்றிக்கொண்டிருந்ததாக அப்பா நல்ல சிங்களத்திலேயே சொன்னார். கோர்ட்டில் சொல்லிக்கொள் என்று ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். சாட்சிப் பொருளாக மூட்டையும் வந்திருந்தது. மழையில் ஊறிய ஒட்டுப்பால் எப்படி நாறும் என்பது ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நீதவான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை வெளியே கொண்டுபோகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள். மூட்டைக்கு உடனே விடுதலை கிடைத்துவிட்டது. அப்பாவுக்கோ சொந்த வீடுள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டுமாம். இல்லையென்றால் மறியல் சிறை.

சித்தப்பா முன்னால் போனார். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், உனக்கில்லை என்று அவரைத் திருப்பியனுப்பினார்கள். அவர் பிறந்ததே அந்தக் காம்பராவில்தான். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விசும்பினாள்.

அந்த நேரத்தில்தான் நோனா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தன் தம்பி தடுத்தும் கேட்காமல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

“அழ வேணாம் நங்கி. அவரு என் கூரை மேலதானே இருந்தாரு? நான் சொல்லாம யாரு சொல்றது?”

ஆள் ஓடிவிட்டால் நீங்கள்தான் பொறுப்பு என்று பொலிஸ்காரர் ஒருவர் சிங்களத்தில் பயமுறுத்தினார். “எங்கே ஓடுவார், இன்னும் பாதிக் கூரை பாக்கி இருக்கிறதே” என்று நோனாவும் சிங்களத்திலேயே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா கசங்கிய சட்டையோடு, வெறுங்காலோடு வெளியே வந்தார். அம்மா தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். அதில் அவருடைய விரல்கள்கூட நுழையவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டேன். அத்தனை நிம்மதியாக நான் எந்தப் பயணமும் போனதில்லை.

“கேஸ் முடிஞ்சிருச்சாப்பா?” என்று கேட்டேன்.

“முடிஞ்சிரும்மா” என்றார்.

அவர் ‘முடிஞ்சிருச்சு’ என்று சொல்லவில்லை என்பது, நான் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஆண்டில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.