தாயின் பிழையா என்று கேட்டாள்

சுனாமிக்குப் பிந்திய மூன்றாம் வருடம். செங்கலடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மேற்கே சண்டை. ஷெல் சத்தத்தில் ஜன்னல்கள் அதிரும். கரடியனாற்றுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகளும் முகாமிலிருந்து வகுப்புக்கு வந்தார்கள்.

என் ஒரே மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடி கர்ப்பமானேன். எட்டாவது வாரம் ஸ்கான் பார்த்த டாக்டர், "கருவச் சுத்தின பை மட்டும்தான் இருக்கு, உள்ளுக்க ஒண்டும் வளரல்ல" என்றார்.

லீவு முடிந்து திரும்பிய முதல் நாள் பாடம், கருவின் கலப்பிரிவு; ஒரு செல் பலவாகப் பிரிந்து வளர்வது. முட்டை தன் பிரிவை இடைநடுவில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். விந்து சேர்ந்ததும் அந்தத் தடை விலகும். முதல் சில பிரிவுகள், தாய் முட்டைக்குள் சேர்த்துவைத்ததைக் கொண்டே நடக்கும். பிறகு கரு தன் பொறுப்பைத் தானே எடுக்க வேண்டும். பல கருக்கள் அந்த இடத்தில் நின்றுவிடும். எப்படியோ சொல்லி முடித்தேன்.

முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழும்பினாள். "அப்ப கரு இடையில நிண்டா, அது தாயிட பிழையா டீச்சர்?"

நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், பிரியும்போது தற்செயலாகத் தவறுவதுதான் பெரும்பாலும் காரணம். அதில் யார் பிழையும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் நான் என்னையே வெறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஓம், தாயிட பிழைதான்" என்றேன்.

அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை. ஒரு கிழமை கழித்து அவளுடைய கூட்டாளியிடம் விசாரித்தேன்.

"அவட அம்மாக்கு முகாமுக்கு வந்த கையோட புள்ள கலைஞ்சு போச்சு டீச்சர். நீங்க சொன்னத இவ போய்ச் சொல்லிட்டா. இப்ப தகப்பன் அம்மாவோட கதைக்கிறல்ல. அம்மா சாப்பிடுறதும் இல்ல."

பள்ளிக்கூடம் விட்டதும் முகாமுக்கு ஓடினேன். அவர்களுடைய கூடாரம் வெறுமையாகக் கிடந்தது.

"திரும்ப ஊரில குடியேத்த எண்டு காலையிலதான் ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனாங்க" என்றாள் பக்கத்துக் கூடாரத்துப் பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

வெளியாட்கள் அந்தப் பக்கம் போகப் பாதை திறக்க மாதங்கள் ஆயின. திறந்ததும் கரடியனாற்றுக்குப் போய் வீடு வீடாக விசாரித்தேன். அந்தக் குடும்பம் வந்து சில நாளிலேயே மறுபடி எங்கோ போய்விட்டது என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மாணவியைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தகவலும் வரவில்லை.

யுத்தம் முடிந்தது. எனக்கு அதன் பிறகு பிள்ளை கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது, "இதில் யாருடைய பிழையும் இல்லை" என்பதைத்தான் முதலில் எழுதச் சொல்கிறேன். எத்தனையோ பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். அதைக் கேட்க வேண்டிய அந்தத் தாய், என் பொய்யை நம்பியபடி எங்கோ இருக்கிறாள் என்ற நினைப்பிலிருந்து எனக்கு இன்னும் விடுதலை இல்லை.