பேட்டரி ஈயம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி சதுரங்கப்பட்டினத்துக்கு வந்தபோது, புகுந்த வீட்டுக் கொல்லையில் கறுப்புப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. லாரியிலும் பஸ்ஸிலும் ஓடி ஓய்ந்த பேட்டரிகள். என் கணவரின் அண்ணன் அவற்றைச் செங்கல்பட்டு ஷெட்டுகளிலிருந்து வாங்கி வருவார். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். பெட்டியை உடைத்து, ஆசிட்டை மணலில் கொட்டிவிட்டு, உள்ளிருக்கும் ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்குவது அக்காவின் வேலை. அந்த ஈயத்தைக் குண்டுகளாக வார்ப்பார்கள். குப்பத்து வலைகளையெல்லாம் கடலுக்கடியில் இழுத்துப் பிடித்தது எங்கள் வீட்டுக் குண்டுதான்.

உடைந்த பெட்டிகளும் வீணாகாது. கெட்டி ரப்பர் என்பதால் விறகைவிட நின்று எரியும். அந்தத் தீயில்தான் சோறு பொங்கினோம். அக்காவின் இரண்டு வயதுப் பெண் பக்கத்திலேயே சாம்பலை அளைந்துகொண்டிருக்கும்.

முதலில் கொல்லையில் மேய்ந்த எங்கள் ஆடு செத்தது. சுவரில் தலையை முட்டி முட்டி நின்று, அப்படியே சரிந்தது. பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். பிறகு அக்காவுக்கு வயிற்று வலி. குடலைப் பிழிந்தெடுக்கிறது என்று சுருண்டு படுப்பாள். கஷாயம் குடித்தாள், மந்திரித்துக்கொண்டாள். ஒருநாள் காலை மீன் அரியும்போது கத்தி நழுவியது.

"இன்னாடி இது, கை தொங்கினு கீது. தூக்க வர்லியே!"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவள் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு ஓரமாக நீலக்கோடு ஓடியிருந்தது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம்.

"ஈயம் உடம்புல ஏறியிருக்கு. உடனே நிறுத்தணும். வீட்டுல குழந்தை இருக்கா?"

இருக்கு என்றேன். "அம்மா, வா" என்று பேசிக்கொண்டிருந்த குழந்தை சில மாதங்களாகப் பேச்சையே விட்டிருந்தது. நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தோம்.

கணவரின் அண்ணன் சட்டியைச் சவுக்குத் தோப்புக்கு மாற்றினாரே தவிர, தொழிலை விடவில்லை. வேறு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். தொங்கிய கையோடு அக்கா அங்கே போய் நின்றாள்.

"என் கையப் பாருங்கடி. புள்ளைய இட்டாராதீங்க."

"உன் பொழப்பு போச்சுன்னு எங்க பொழப்புல மண்ணப் போடாத" என்றாள் ஒருத்தி.

மறுநாளும் போனாள். பிறகு போவதை நிறுத்திவிட்டாள். கை பாதி சரியானது. பெண்ணுக்குப் பேச்சு திரும்பவேயில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தபோது, அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போனாள்.