முதுகெலும்பின் மேல் போட்ட தளம்

தையல்காரிக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் கடற்கரையில் கிடந்த திமிங்கிலம் யாருக்குமே தெரிந்திருக்காது.

முட்டிவலிக்கு நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். கடலோரம் நடந்தவள், அலை மண்ணை அரித்துப்போட்ட பாறையில் கட்டை கட்டையாக ஏதோ வரிசையாகப் புடைத்திருப்பதைப் பார்த்தாள். அளவுநாடாவைக் கொண்டுபோய் அளந்தும் பார்த்தாள். அண்ணி கல்லுக்குச் சட்டை தைக்கப் போகிறாள் என்று நாத்தனார் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டுக்காரரான கொத்தனாரோ, கல்லைத்தானே தினமும் பார்க்கிறேன் என்று சோற்றில் கைவைத்துவிட்டார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்திருக்கலாம் அந்த மனிதர்!

தையல்காரி விடவில்லை. கல்லூரி ஆய்வாளரம்மாவை நச்சரித்து அழைத்து வந்தாள். மனிதர்கள் தலையெடுப்பதற்கு எவ்வளவோ காலம் முன்னால் செத்த திமிங்கிலம், முதுகெலும்பு அப்படியே கல்லாகியிருக்கிறது என்றார் அந்த அம்மா. தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் நகராட்சிக்குத் தூக்கம் கலைந்தது. கலையாமலே இருந்து தொலைத்திருக்கலாம். வேலி, விளக்கு, பெஞ்சு, வருகிறவர்கள் நின்று எலும்பைப் பார்க்க ஒரு தளம் என்று திட்டம் போட்டார்கள். வேலை கொத்தனாருக்கே வந்தது. நம் வீட்டு ஆள் கையில் இருந்தால் பத்திரம் என்று அவளும் நம்பினாள்.

தளம் எலும்புக்குப் பக்கத்து மணலில் வரவேண்டியது. மணல் சரிகிறது, பாறைமேலேயே போடு என்றார் நகராட்சிப் பொறியாளர். எலும்பு எது, பாறை எது என்று அவருக்கும் தெரியாது, கொத்தனாருக்கும் தெரியாது, இருவரும் கேட்கவும் இல்லை. வழவழப்பான பரப்பில் சிமென்ட் பிடிக்காது. முதலில் கொத்திவிட்டுத்தான் கலவை போடுவார்கள், மேடு இருந்தால் தட்டி எடுப்பார்கள். கொத்தனார் அப்படியே செய்தார். பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்ததால் தையல்காரி அந்த வாரம் கடற்கரைப் பக்கமே போகவில்லை.

போனபோது தளம் காய்ந்திருந்தது.

"ஏங்க, எலும்பு எங்க?"

"எந்த எலும்பு? மேடு மேடா இருந்துச்சு, கொத்தி எடுத்துட்டோம். இல்லன்னா தளம் நிக்காதும்மா."

சொல்லும்போதே அவர் முகம் மாறியது. வாயாடி என்று பேரெடுத்தவள் குனிந்து, காய்ந்த சிமென்டைக் கையால் தடவிப் பார்த்தாள்.

பொறியாளர் அசரவில்லை. திறப்பு விழா நாள் குறித்தாயிற்று, சிமென்டிலேயே ஒரு முதுகெலும்பு செய்து வண்ணம் அடித்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று கொத்தனாருக்கு உத்தரவு போட்டார். வடிவம் சொல் என்று கொத்தனார் மனைவியிடம் வந்து நின்றார். என்னைக் கொன்றாலும் சொல்லமாட்டேன் என்றாள். கொத்தனாரும் கரண்டியைத் தொடவில்லை.

விழாவன்று தளம் நிறைய ஆட்கள். நகராட்சித் தலைவர் கண்டுபிடித்தவளை வாயாரப் புகழ்ந்து மைக்கைக் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசினால் போதுமாம்.

"திமிங்கிலம் எங்கன்னு எல்லாரும் தேடுறீங்க. இந்தத் தளத்துக்கு அடியில கொத்துப்பட்டுக் கிடக்கு. கொத்தினது என் வீட்டுக்காரர். இங்கதான் போடணும்னு சொன்னவர் முன்வரிசையில உக்காந்திருக்கார். அது மேலதான் நிக்கிறீங்க எல்லாரும். கொஞ்சம் எறங்குங்க."

ஒருவரும் அசையவில்லை. பொறியாளர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து கொத்தனார் மட்டும் இறங்கி, மணலில் போய் நின்றார்.