இடது பக்க விளக்கு

செய்தி வந்தபோது நான் பம்பாய் செம்பூர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைபேசியில் அண்ணாவின் பெயர். காலை வேளையில் அண்ணா கூப்பிடும் வழக்கம் கிடையாது. அந்த நேரத்தில் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் அது மன்னியாகத்தான் இருக்கும், அதுவும் எனக்கு ஏதாவது வேலை ஏவுவதற்காக.

"சுந்து, மன்னி போயிட்டாடா" என்றார் அண்ணா. பிறகு, "காபி கலந்து ரெண்டு டம்ளர்லயும் விட்டு எடுத்துண்டு வந்தா. நான் குடிச்சிண்டே பேசிண்டிருந்தேன். பதிலே வரலை. அவ டம்ளர் அப்படியே இருக்கு" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. டாக்ஸி பிடித்து மாதுங்கா போய்ச் சேர்ந்து, கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோதுதான் அதில் இரண்டு முருங்கைக்காய் இருப்பது தெரிந்தது. மன்னி இருந்திருந்தால் அதை வைத்து ஒரு வாரம் என்னைக் கேலி செய்திருப்பார்.

லலிதா மன்னி என் அண்ணா ராஜாமணியின் மனைவி. கோட்டைப் பக்கம் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி எப்படிக் கவிழும், எங்கே உரசும், ஓட்டினவன் என்ன பொய் சொல்வான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "இது யாருக்குப் பிரயோஜனம்?" என்பது அவருடைய ஆபீஸ் கேள்வி. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனால்கூட அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

அண்ணா துறைமுக ஆபீஸில் இருந்தார். குழந்தைகள் இல்லாத வீடு. அவர்களுக்கு மழைக்காலம் என்றால் மலைதான். ஞாயிறு விடிந்ததும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு ரயிலேறி, கசாரா பக்கமோ கர்ஜத் பக்கமோ இறங்கி நடப்பார்கள். அண்ணாவுக்குக் காட்டுப்பூப் பைத்தியம். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர், மராத்திப் பெயர் இரண்டும் சொல்வார். மன்னிக்குப் பூவில் பெரிய ஈடுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணா பேசுவதைக் கேட்பதில்தான் அவருக்கு ஈடுபாடு. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், மலையில் வாயை மூடமாட்டார்.

அண்ணா ஓய்வு பெற்ற சில வருடங்களில் கண்ணில் கோளாறு வந்தது. வெளிச்சம் மங்கினால் பார்வையும் மங்கும், பக்கவாட்டில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், பளிச்சென்ற வெளிச்சமும் கூசும், முழுக்கக் குணமாக்க மருந்து இல்லை என்று சயானில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். மலைப்பாதையில் தடுக்கி விழுந்ததோடு நடையை நிறுத்தினார் அண்ணா. அதன்பின் கிங்ஸ் சர்க்கிள் வரை போவதும் நின்றது. சாயங்காலம் ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து டிவியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மன்னி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார். "சுந்து, உங்கண்ணாவை எனக்குத் தெரியும். இப்படியே உட்கார்ந்துட்டார்னா அப்புறம் எழுந்துக்கவே மாட்டார். நடக்க முடியலைன்னா வண்டி. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று நானும் தலையாட்டினேன். அடுத்த மாதம் அவர்கள் கட்டடத்து வாசலில் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்று நின்றது. மன்னி ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றவர், இப்போது அறுபதைத் தாண்டியிருந்தார். காட்டன் புடவையைச் செருகிக்கொண்டு, அந்த உயரத்தில் காலைத் தூக்கி வைத்து ஏறுவார். முர்பாட் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய நிலத்தில் சேற்றில் ஓட்டிப் பழகினார். பின் சீட்டில் நான். என் இடுப்புக்கு இன்றும் அந்த நாட்கள் நினைவிருக்கின்றன.

வண்டி வந்தும் காரியம் நடக்கவில்லை. மழைக்காலத்து மலையில் பிற்பகலிலேயே இருட்டிக்கொள்ளும், மேகம் தரையில் இறங்கிவிடும். "எனக்கு ஒண்ணும் தெரியலை லலிதா, பச்சையா ஏதோ போறது" என்பார் அண்ணா. சரி, கூடுதல் விளக்கு போட்டுவிடலாம் என்று முடிவானது.

தாராவியில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் செல்லையா திருநெல்வேலிக்காரர். ஆள் தங்கம், ஆனால் எதையும் பெரிதாக விற்பதில் ஒரு சந்தோஷம். "அம்மா, சில்லறை லைட்டெல்லாம் எதுக்கு? மேல கூரையில ஒரு நீட்டு பார் போட்டுருதேன். ஏக்தம் பகல் மாதிரி இருக்கும், பாத்துக்கிடுங்க" என்றார். கடைக்குள் அதை எரிய விட்டும் காட்டினார். எதிர்ச்சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. அண்ணா ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மற்ற மூவரும் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்தோம். மன்னியும்தான்.

மாள்சேஜ் மலையேறி, ஒரு மண் பாதையில் திரும்பியதும் மூடுபனி சூழ்ந்துகொண்டது. மன்னி சுவிட்சைப் போட்டார். அவ்வளவு வெளிச்சமும் பனியில் பட்டு எங்கள் முகத்திலேயே திரும்பி வந்து விழுந்தது. வண்டிக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. பாதையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. அண்ணா இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அணைச்சுடு" என்றார். மன்னி அணைத்தார். பிறகு அண்ணா, கோபமே இல்லாத குரலில், "எனக்காக இதெல்லாம் போறும் லலிதா. இனிமே நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ. நான் ஆத்துலயே இருக்கேன்" என்றார்.

கோபித்திருந்தால் தேவலை. செம்பூரில் என்னை இறக்கிவிட்டபோது மன்னி, "நான் சுவரைப் பார்த்தேன்டா. அவரைப் பார்க்கலை" என்றார். அதன் அர்த்தம் எனக்கு மறுவாரம் விளங்கியது.

மறுவாரம் அவர்கள் வீட்டு ஹாலில் பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் போர்வையால் மூடியிருந்தது. தரையில் பழைய ஸ்கூட்டர் பேட்டரி. இஸ்திரி மேஜைமேல் விதவிதமான விளக்குகள். எல்லாம் செல்லையாவிடம் பேசி, பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி வந்தவை. ஒரு பக்கம் நாற்காலியில் அண்ணா, "என்ன பண்றேளோ பண்ணுங்கோ" என்ற முகத்தோடு. அவருக்கு இடது பக்கமாகக் கறிவேப்பிலைக் கொத்து, கனகாம்பரத் தொட்டி, வாழைப்பூ, இன்னும் மார்க்கெட்டில் கிடைத்த பச்சையெல்லாம் வரிசையாக இருந்தன.

என் வேலை விளக்கைச் சொன்ன உயரத்தில் பிடிப்பது. நான் வழக்கம்போல் வெளிச்சம் விழும் இடத்தைப் பார்த்தேன். மன்னி அதட்டினார்.

"விளக்கைப் பார்க்காதே, சுவரைப் பார்க்காதே. அண்ணா மூஞ்சியைப் பாரு. கண்ணைச் சுருக்கறாரா, தலையைத் திருப்பறாரா, அதை மட்டும் சொல்லு."

வெகுதூரம் பாய்கிற ஊசி வெளிச்சத்தை முதலிலேயே ஒதுக்கினார். "நான் என்ன ரேஸுக்கா போறேன்? மாட்டுவண்டி வேகத்துல போற வண்டிக்கு அரை மைல் வெளிச்சம் என்னத்துக்கு?" வெள்ளை விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் அண்ணாவின் புருவம் நெரிந்தது. மஞ்சளுக்கு வந்தபோது நெற்றி தளர்ந்தது. மஞ்சளிலும் குவிந்து விழுவதற்குத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கடைசியாக, மேலே பால் நிறக் கண்ணாடி போட்ட, அகலமாகப் பரவுகிற சின்ன மஞ்சள் விளக்கு. அண்ணா மெல்ல இடது பக்கம் தலையைத் திருப்பினார்.

"லலிதா, இந்தக் கறிவேப்பிலை வாடிடுத்தே, யாரு வாங்கினா?" என்றார்.

வாங்கியவன் நான். அந்த வசவைவிட இனிமையான வசவு எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. மன்னி ஜன்னல் போர்வைகளைக் கழற்றப் போய்விட்டார். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார். எதிர்க் கட்டடத்து மாமி பால்கனியிலிருந்து, "என்ன லலிதா, ஆத்துல சினிமா எடுக்கறேளா?" என்று கேட்டபோதும் மடித்த போர்வையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

செல்லையாவிடம் அதைப் பொருத்தச் சொன்னபோது மனிதர் குழம்பிவிட்டார். முன்னால் பம்பரில் தாழ்வாக இரண்டு மஞ்சள் விளக்குகள், அவை பாதைக்கு. அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. மூன்றாவதை முன்கண்ணாடியின் இடது ஓரத்தில், பானட் முடிகிற இடத்தில், பாதையை விட்டு வெளியே காட்டைப் பார்த்து வைக்கச் சொன்னார் மன்னி.

"அம்மா, ஊர் உலகத்துல எல்லாரும் ரோட்டப் பாக்க லைட்டு போடுவாவ. நீங்க செடியப் பாக்கப் போடச் சொல்லுதியளே. ஓட்டுற ஆளுக்கு இதுல என்ன தெரியும்?"

"ஓட்டறவாளுக்கு முன்னாடி ரெண்டு இருக்கே, செல்லையா. இது பக்கத்துல உட்காரறவருக்கு."

செல்லையா அண்ணாவைப் பார்த்தார், மன்னியைப் பார்த்தார். கூரை விளக்கைத் தானே கழற்றி எடுத்துக்கொண்டார். ஒயரிங்கில் மட்டும் மன்னி விடவில்லை. மூன்றாவது விளக்குக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ் வேண்டும், ஹெட்லைட் ஒயரில் கிள்ளி எடுக்கக்கூடாது என்றார். "பக்கத்தாத்துக் குழாய்லேந்து தண்ணி பிடிச்சா ரெண்டு ஆத்துக்கும் வராது" என்றார். பம்பாயில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சுவிட்ச் எங்கே என்று செல்லையா கேட்டார். மற்ற சுவிட்சுகளோடு ஸ்டியரிங் பக்கம்தானே என்று நானும் நினைத்தேன். மன்னி இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பார்த்தார். கை போய் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். "இங்கே. அவருக்குத் தடவாம கிடைக்கணும். எப்போ பார்க்கணும்னு அவர்தான் சொல்லணும், நான் இல்லை."

அன்றிரவே ஒரு பழைய குடைத்துணியில் மூன்று விளக்குக்கும் உறை தைத்தார். தார் ரோட்டில் போகும்போது உறையைக் கழற்றக்கூடாது என்பது அவருடைய சட்டம். "எதிர்ல வரவன் கண்ணைக் குத்திட்டு நாம என்னத்தைப் பார்க்கப் போறோம்?" விபத்துக் காகிதங்களோடு வாழ்ந்தவர் அல்லவா!

அண்ணாவைக் கிளப்புவது சுலபமாக இல்லை. "இந்த ஒரு தடவை. தெரியலைன்னா வண்டியைச் செல்லையாகிட்டயே விட்டுடறேன், பேச்சே எடுக்க மாட்டேன்" என்று மன்னி வாக்குக் கொடுத்த பிறகுதான் செருப்பை மாட்டினார். மன்னி சொன்னால் செய்கிறவர்.

அதே மண் பாதை. அதே மூடுபனி. நான் இறங்கி உறைகளைக் கழற்றினேன். மன்னி முன் விளக்குகளைப் போட்டார். பனிக்குக் கீழே ஈரமான செம்மண் தெரிந்தது. நடக்கிற வேகத்தில் வண்டி போயிற்று. அண்ணா மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மன்னி பாதையை மட்டும் பார்த்து ஓட்டினார். எனக்கோ, "சுவிட்சைப் போடேன் அண்ணா" என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

வெகுநேரம் கழித்து, கை நகர்ந்தது. இடது பக்கப் பாறைச் சரிவு முழுக்க மஞ்சளாக மலர்ந்தது. பாசி, சொட்டும் நீர், அதன் நடுவே இளஞ்சிவப்பாக நூறு பூக்கள்.

"நிறுத்து, நிறுத்து" என்றார் அண்ணா. மன்னி நிறுத்தினார். "காசித்தும்பை. இங்கே மராத்தியில தேர்டான்னு சொல்லுவா. பாரு லலிதா, தண்டுல தண்ணி ஓடறது கண்ணாடி மாதிரி தெரியறது. அதோ மேல மஞ்சளாப் பூக்கற சோனகி, இன்னும் மொட்டுதான், அடுத்த வாரம் பூத்துடும்..."

அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. நான் பின் சீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டேன். ஜலதோஷம் என்று சொல்லி வைத்தேன். மன்னி ஸ்டியரிங்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அண்ணாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பூ இருந்த பக்கம் அவர் திரும்பினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு எந்த மழைக்காலமும் வீணாகவில்லை. போன மாதம்கூடப் போய்வந்தோம். மன்னி வழியில் மக்காச்சோளம் வாங்கித் தின்றார், எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று திட்டிவிட்டுத் திரும்பும்போது ஸ்டியரிங்கை என்னிடமே கொடுத்தார். நிறைவாக வாழ்ந்தவர். எனக்குத் துக்கம் இருக்கிறது, குறை இல்லை.

ஆனால் அவர் போன நாளிலிருந்து அண்ணா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காரியங்களெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகும் எழுந்திருக்கவில்லை. செல்லையா வந்து, "சார், வண்டிய என்ன செய்யணும்னு சொல்லுங்க, நல்ல ஆளாப் பாத்துக் குடுத்துருதேன்" என்று கேட்டபோதும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். "அப்புறம் எழுந்துக்கவே மாட்டார்" என்று மன்னி அன்று சமையலறையில் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் நல்ல மழை. திடீரென்று, "கீழே போலாமாடா?" என்றார். கையைப் பிடித்துப் படியிறக்கினேன். நேரே ஜீப்புக்குப் போய் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் குடைத்துணி உறையைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங் பக்கம் ஏறினேன். பிறகு அவர் கை நீண்டது, தடவாமல், நேராக.

மன்னி சொல்லிக்கொடுத்தபடி நான் விளக்கைப் பார்க்கவில்லை. அண்ணாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கவில்லை. மெல்ல இடது பக்கம் தலையைத் திருப்பினார்.

"சுந்து, காம்பவுண்டுச் சுவர் இடுக்குல அரசங்கன்னு முளைச்சிருக்கு பாரு. சொசைட்டியில சொல்லணும். விட்டா சுவரையே பொளந்துடும்."

"சொல்றேன் அண்ணா."

"ஞாயித்துக்கிழமை மழை இருக்குமா?"

"இருக்கும்."

"அப்போ நீ ஓட்டு. மெதுவாப் போ, அவளை மாதிரி."

மன்னி, அவர் எழுந்துவிட்டார். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.