பிறீசருக்குள் வைத்த ஒயில்

என் மனைவி மெல்பேர்னுக்கு வந்த முதலாவது குளிர்காலத்தில் எங்கள் கார் காலையில் அடம்பிடிக்கத் தொடங்கியது. டண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் எனக்கு வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். கிரான்பர்னில் நான் வீட்டை விட்டு இறங்கும் நேரம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் முனகி முனகிச் சுற்றும். பிடித்துக்கொண்ட பிறகும் உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வரும். எஞ்சின் ஒயிலுக்கான சிவப்பு விளக்கு உடனே அணையாது. அது அணையும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன்.

ஒருநாள் அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இதுக்கு என்ன ஒயில் விடுறனீங்கள்?"

"இருபது ஐம்பது எண்டுற ரகம். தடிப்பானது. பழைய எஞ்சினுக்கு அதுதான் நல்லம்."

"இந்தக் குளிருக்கு அது தடிச்சுப் போகாதோ?"

வேலைக்குப் பிந்திக்கொண்டிருந்த எரிச்சல் எனக்கு. "உமக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? உள்ளுக்குப் போம்" என்றேன்.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவள் அவள். எனக்கு நிரந்தர விசா கிடைத்து அவளை இங்கே கூப்பிடும்வரை ஆறு வருடங்கள் நாங்கள் தொலைபேசியிலேயே குடும்பம் நடத்தினோம். அப்போதெல்லாம் பரீட்சைத்தாள் திருத்தியபடியே என்னோடு கதைப்பாள். இங்கே வந்த பிறகு அவளுடைய குரலே சிறுத்துவிட்டது. கடையில் காசாளர் ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். "இஞ்ச நான் ஒண்டுக்கும் உதவாத ஆள்" என்று ஒருமுறை சொன்னாள். அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பின்னேரம் மூன்று மணிபோல வேலையால் வந்தேன். குசினி மேசையில் கடதாசி விரித்திருந்தது. பக்கத்தில் கார் வாங்கும்போது கிடைத்த கையேடு. நான் ஒருநாளும் திறந்து பார்த்திராத புத்தகம்.

"கையைக் கழுவிப்போட்டு இதில இருங்கோ" என்றாள்.

பிறீசரைத் திறந்து இரண்டு ஜாம் போத்தல்களை எடுத்து வைத்தாள். இரண்டிலும் பாதிக்குமேல் பொன்னிறத்தில் ஒயில்.

"என்னப்பா இது? சாப்பாடு வைக்கிற இடத்தில!"

"மூடி இறுக்கித்தான் வைச்சனான். காலமை நீங்கள் வெளிக்கிட்ட உடன வைச்சது. இது உங்கட ஒயில். கராஜில மிச்சம் இருந்தது. மற்றது ஐந்து முப்பது."

"அது எங்கால வந்தது?"

"நான் போய் வாங்கினனான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து கார்ச் சாமான் கடைக்கு நடந்து போக இருபத்தைந்து நிமிடம் எடுக்கும். அவள் தனியாகப் போயிருக்கிறாள். கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு பெண் அங்கே நின்றாளாம். காரின் இலக்கத்தகட்டு எண்ணைக் கேட்டுக் கணினியில் தட்டி, இதுதான் பொருத்தம் என்று எடுத்துக் கொடுத்தாளாம். "நான் கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் நிண்டு பதில் சொன்னவள். இங்கிலீசிலதான் கேட்டனான்" என்றாள். அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவளுடைய முகத்தில் மெல்லிய சிரிப்பு.

என் சாமான் பெட்டியிலிருந்து ஒரே அளவான இரண்டு நட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் போத்தல்களுக்குள் போட்டாள். ஐந்து முப்பதில் நட்டு நிதானமாக இறங்கி அடியில் போய் இருந்தது. என்னுடைய ஒயிலில் அது மேலேயே தயங்கி நின்று, கூழுக்குள் அமிழ்வதுபோல மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"காலமை நீங்கள் சாவி திருப்பேக்க எஞ்சினுக்குள்ள நடக்கிறது இதுதான். இவ்வளவு குளிர் வெளியில இல்லைத்தான். ஆனா சங்கதி ஒண்டுதான். ஒயில் மேல ஏறுமட்டும் இரும்பும் இரும்பும் உரசும். அந்தச் சத்தம்தான் கேக்கிறது."

"சூடாகினாப் பிறகு இந்த மெல்லிசு ஒயில் தண்ணியாப் போகாதோ?"

"முதல் இலக்கம் குளிருக்கு. அது குறையக் குறைய, குளிரில கெதியா ஓடும். இரண்டாவது இலக்கம் சூட்டுக்கு. உங்கட காருக்கு முப்பது போதும் எண்டு இதில போட்டிருக்கு." கையேட்டை என் பக்கம் திருப்பினாள். வெப்பநிலையும் ஒயிலும் ஒரு அட்டவணையாக இருந்தன. அந்தப் பக்கம் முழுவதும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

ஆறு வருடம் தொலைபேசியில் கேட்ட குரல் அது. இடையில் நிறுத்தி, விளங்கினதா என்று என் கண்ணைப் பார்த்தாள். அன்று வாசலில் சொன்னது ஞாபகம் வந்து எனக்குக் காது சுட்டது.

"அண்டைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"ஓம், கூடாது" என்றாள். பிறகு, "தேத்தண்ணி போடட்டோ?" என்று எழும்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம் காரைச் சற்று ஓட்டிச் சூடாக்கிவிட்டுப் பழைய ஒயிலை இறக்கினேன். வடிகட்டியையும் மாற்றினேன். நான் காருக்குக் கீழே படுத்திருக்க, அவள் புனலை வைத்துப் புதியதை ஊற்றி, ஒயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பழைய எஞ்சின் மெல்லிய ஒயிலைக் குடித்துவிடும் என்ற பயம் எனக்கு விடவில்லை. அதற்காக ஒவ்வொரு ஞாயிறும் அளந்து நாட்காட்டியில் குறித்தாள். பெரிதாக ஒன்றும் குறையவில்லை.

திங்கட்கிழமை கண்ணாடியெல்லாம் உறைபனி. சாவியைத் திருப்பினேன். தட்டல் தொடங்கியதும் நின்றதும் ஒரே மூச்சில் முடிந்தது. சிவப்பு விளக்கு உடனே அணைந்தது. ஆனாலும் எஞ்சின் கொஞ்சம் சோம்பலாகத்தான் சுற்றியது. காரின் பற்றறியும் கிழடாகி மின்சாரம் குறைந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அதையும் மாற்றிய பிறகுதான் காலைகள் உண்மையில் நிம்மதியாயின. "அதை நான் யோசிக்கேல்லை" என்று அவள் ஒப்புக்கொண்டாள். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அந்த வாரமே தன் பட்டச் சான்றிதழ்களை மொழிபெயர்க்கக் கொடுத்தாள். இங்கே படிப்பிப்பதற்குப் பதிவு செய்ய ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். முதல் தடவை எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளியால் தவறிவிட்டது. இரண்டு நாள் ஆங்கிலப் புத்தகத்தைத் தொடவேயில்லை. மூன்றாம் நாள் விண்ணப்பப் படிவம் ஒன்றை என் முன்னால் வைத்தாள். ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை, கிழமைக்கு மூன்று நாள்.

அந்த வேலை கிடைத்தது. கரைசல்கள் தயாரிப்பதும் கண்ணாடி முகவைகள் கழுவுவதும்தான் வேலை என்றாலும், போன வாரம் ஆசிரியர் ஒருவர் ஒரு பரிசோதனையைப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னாள்.

"பயந்தனீரோ?"

"பலகையில எழுதச் சோக்கட்டி கையில எடுக்குமட்டும்தான்" என்றாள்.

வருகிற மாதம் மறுபடி பரீட்சை எழுதுகிறாள். தினமும் அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் காட்டுகிறாள். எனக்கு அதில் பிழை கண்டுபிடிக்க முடிவதில்லை.