குலுக்கிப் பார்த்து வாங்கிய ரேடியோ

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை வாங்கி விற்கிற திண்டிவனத்து வியாபாரிகளில் பச்சைமுத்து மாமாவைப் பேச்சில் மிஞ்ச ஆள் கிடையாது. என் அக்காள் கெங்கம்மாளைக் கட்டியவர் என்பதால் அந்தப் பேச்சில் பெரும்பங்கு எனக்கே வந்து சேர்ந்தது. அவர் கடைவீதியில் எதிரே வந்தால், சைக்கிளில் போகிறவன் செயின் கழன்றதுபோல இறங்கி, சந்துக்குள் தள்ளிக்கொண்டு போவான். ஒலக்கூரில் ஒரு குடியானவர், ஆளை விட்டால் போதும் என்று மாமா கேட்ட விலைக்கே மூட்டைகளைக் கொடுத்தனுப்பினார். வியாபாரத்துக்கு அது லாபம்தான். மாமாவுக்கு அதில் சந்தோஷம் இல்லை.

“ஒருத்தனும் முழுசா கேக்க மாட்டேங்கறான் மச்சான்” என்பார். அதையும் நான் முழுசாகக் கேட்டதில்லை. அக்காளோ, கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அதிகம் சொன்னது, செத்த வாயை மூடுங்க என்பதுதான்.

அறுபத்தொன்றாம் வருஷம் விழுப்புரத்தில் சிக்கந்தர் பாட்சா பாயின் வீட்டுக்கு மாமா போனார். பாய் அமெச்சூர் ரேடியோக்காரர். சர்க்கார் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டில் உட்கார்ந்தபடியே கம்பியில்லாமல் வெளியூர்க்காரர்களோடு பேசுகிறவர். சும்மா பொழுதுபோக்குக்குத்தான். மைக்கைப் பிடித்தவர் பேசி முடிக்கும்வரை எதிராளி குறுக்கே பேச வழியே இல்லை என்பதை மாமா அங்கேதான் பார்த்தார். திரும்பி வரும்போது ரயிலில் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

பாயிடமே படித்தார். பரீட்சைக்கு வேண்டிய தந்திச் சங்கேதமான கட்டுக் கடகடவை அக்காளின் சாப்பாட்டுத் தட்டில் தட்டிப் பழகினார். எப்படியோ தேறிவிட்டார். ஆனால் வீட்டில் செட் வைக்க அக்காள் சம்மதிக்கவில்லை. கேப்பை காயப்போடுகிற மாடியில் கம்பி கட்டக் கூடாது என்றாள். “ஏற்கெனவே ஒரு ரேடியோ இந்த வூட்ல ஓடிக்கினுதான் இருக்குது” என்றும் சொன்னாள். மாமாவிடம் மூன்றாம் கையாக வாங்கிய ஆஸ்டின் கார் இருந்தது. எப்படியும் பாதி நாள் அதில்தான் சுற்றுகிறார். காரில் வைத்துப் பேசத் தனியாக மனுப் போட்டு அனுமதியும் வாங்கினார்.

புது செட் நமக்குக் கட்டாது, பட்டாளத்தில் கழித்துவிட்டது சென்னையில் மலிவாகக் கிடைக்கும், நானே கூட வந்து பார்த்து எடுத்துத் தருகிறேன் என்றார் பாய். ஆனால் கோட்டக்குப்பத்தில் மகள் கல்யாண வேலை இருந்ததால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார். மாமாவா பொறுப்பார்? என்னை இழுத்துக்கொண்டு போனார்.

மூர் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பச்சை வர்ணத்தில் நாலு செட் இருந்தன. எது எவ்வளவு தூரம் பேசும் என்று கடைக்காரர் விளக்க ஆரம்பித்தார். மாமா கையமர்த்தினார். ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு கையாலும் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். மூன்று பெட்டிகள் சத்தமே போடவில்லை. நாலாவது கலகல என்றது.

“இதான் சரக்கு மச்சான்” என்றார்.

மல்லாட்டை வாங்குகிறவர்கள் காயைக் காதில் வைத்துக் குலுக்கித்தான் பார்ப்பார்கள். உள்ளே கலகல என்றால் நன்றாகக் காய்ந்த காய். சத்தம் இல்லையென்றால் ஈரம், எடுத்தால் நஷ்டம். அந்தக் காது அதுவரை மாமாவை ஏமாற்றியதில்லை. கடைக்காரர் நல்ல மனுஷர். உள்ளே ஏதோ உடைந்து கிடக்கிறது, வேண்டாம் சார் என்று தடுத்தார். ஈரச் சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று மாமா என் தொடையில் கிள்ளினார். கடைக்காரர் அலுத்துப்போய்ப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார்.

பாய் ஒருநாள் வந்து திறந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். செட்டில் பேசுகிற பாதி அருமையாக இருந்தது. கேட்கிற பாதிதான் உடைந்திருந்தது. நாம் பேசுவது ஊருக்கெல்லாம் போகும், யார் பதில் சொன்னாலும் நமக்குக் கேட்காது. அக்காள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

உதிரி கிடைக்கும்வரை தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாய் கல்யாணத்துக்குப் போனார். மாமா மறுநாளே பெருமுக்கல் மலையடியில் காரை நிறுத்திப் பேச ஆரம்பித்தார். ரேடியோவில் வியாபாரமும் அரசியலும் பேசக் கூடாது என்பது சட்டம். அதனால் தினமும் சொந்தக் கதைதான். பேசப் பேச பேட்டரி இறங்கிவிடும். கார் தள்ளுவதற்கு என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அப்படி ஒருநாள், அவர் அப்பா வாங்கிவந்த மாடு கிணற்றில் விழுந்த கட்டத்துக்குக் கதை வந்தபோது பேட்டரி செத்தது.

தள்ளி முடித்து ஏறி உட்கார்ந்ததும், “யாராச்சும் கேட்டிருப்பாங்களா மச்சான்?” என்றார்.

மலைமேல் இருக்கிற சாமி கேட்டிருக்கும் என்றேன். அவர் அதற்குப் பிறகு திண்டிவனம் வரை வாயே திறக்கவில்லை.

மறுநாள் பாய் உதிரியோடு வந்து சரிசெய்தார். சாயங்காலம் எல்லோரும் மலையடிக்குப் போனோம். அக்காளும் வந்தாள். இன்றைக்கும் ஒரு குரலும் வரவில்லை என்றால் செட்டை விற்றுவிட்டு, இனிமேல் யாரிடமும் வளவளக்கப் போவதில்லை என்று மாமா வழியிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். யாரும் படவில்லை.

மாமா தன் அடையாள எழுத்துகளைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பதில் கேட்பதற்காக மைக்கில் அழுத்தியிருந்த பொத்தானை விட்டார். வெறும் இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

“வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து கதைக்கிறன். எத்தனை நாளாக் கூப்பிடுறன், நீங்கள் மறுமொழி சொல்லுறியள் இல்லை. இஞ்சை வீட்டில எல்லாரும் உங்கட கதை கேக்க இருக்கினம். நேற்று மாடு கிணத்துக்குள்ள விழுந்ததோட விட்டிட்டுப் போட்டியள். அது பிழைச்சதோ?”

மாமா மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. கேக்குதோ, கேக்குதோ என்று அந்த மனிதர் அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

பின்சீட்டிலிருந்து அக்காள் எட்டி மாமாவின் தோளைத் தொட்டாள்.

“பேசுங்க. அந்த மாடு என்னாச்சுன்னு எனக்கே தெரியாது.”