எதிராளியின் கிணறு

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருந்த காலத்தில், அரியாலையிலிருந்து ஒரு மனிதர் வருவார். ஒடிசலான உடம்பு. சேட்டுப் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் எங்கள் மேசையைக்கூட அளந்து பார்ப்பார். பக்கத்து வளவுக்காரர் வேலியை ஒரு அடி தள்ளிப் போட்டுவிட்டார் என்று பதினொரு வருடமாக வழக்காடிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பேச்சில்லை.

அப்போதுதான் அவர்கள் வீடுகளுக்குப் பின்னால், மாரிவெள்ளம் தங்கும் தரவை வெளியில், பல்கலைக்கழகம் விளையாட்டரங்கு கட்டப்போவதாகத் தெரிந்தது. வெள்ளம் நிலத்தில் ஊறாவிட்டால் அயல் கிணறுகளில் உப்பு ஏறிவிடும். அயலார் சேர்ந்து வழக்குப் போட முடிவு செய்தார்கள். கையெழுத்து வைக்கிற அன்று பஸ் ஓடவில்லை. இவர் சைக்கிளில் வந்தார். பின் கரியரில் அந்தப் பக்கத்து வளவுக்காரர். இருவரும் முகம் பாராமல் இறங்கினார்கள். அவர் வெளியே நின்றுகொள்ள, இவருக்கு மனுவை வாசித்துக் காட்டினேன்.

“தம்பி, என்ரை கிணத்தை முதல் எழுதியிருக்கிறியள். அவரின்ரை நிலம் ஒண்டரை அடி பள்ளம், நான் அளந்தனான். அதுதான் முதல் உப்பாகும். அதை மேலை போடுங்கோ.”

“அப்ப வேலி வழக்கைச் சமாதானமாய் முடிப்பமோ அண்ணை?”

“அதென்ன கதை?” என்று சீறினார். “அது கடைசி மட்டும் நடக்கும்.”

விளையாட்டரங்குக்குத் தடை உத்தரவு கிடைத்த அன்றும், அவர் என்னிடம் கேட்டது வேலி வழக்கின் அடுத்த தவணைத் திகதியைத்தான். குறித்துக்கொண்டு வெளியே போனவர், பக்கத்து வளவுக்காரர் கரியரில் ஏறி உட்காரும்வரை சைக்கிளை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.